ஊருக்கு வள்ளி திருமணம் வருகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். வைகாசித் திருவிழாவின் கடைசி நாள் ராத்திரி கோயில் திடலில் 'வள்ளி திருமணம்' ஸ்பெஷல் நாடகம். கமிட்டியில் நாடகப் பொறுப்பு பதினோரு வருஷமாக என் தலையில்தான் இருக்கிறது. நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே போன் வர ஆரம்பித்துவிடும். டீக்கடையில், பஸ்ஸில், சாவு வீட்டில்கூட நிறுத்திக் கேட்கிறார்கள். ஒரே கேள்விகள்தான், ஆள்தான் வேறு. இந்த வருஷம் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வி இருக்கிறது. பதில் என்னுடையது.

அண்ணே, ஸ்பெஷல் நாடகம்னு போட்டிருக்கே, அதுல என்ன ஸ்பெஷல்?

நாடகத்தில் ஒன்றும் ஸ்பெஷல் இல்லை, ஆட்கள்தான் ஸ்பெஷல். அந்தக் காலத்தில் நாடகக் கம்பெனி என்றால் முதலாளி, வாத்தியார், சமையல்காரர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். மாதக்கணக்கில் ஓர் ஊரில் கொட்டகை போட்டு ஆடிவிட்டு அடுத்த ஊருக்கு மூட்டை கட்டுவார்கள். அந்தக் கம்பெனிகளுக்கு வெளியே இருந்த பெயர் பெற்ற நடிகர்களை ஒரு ராத்திரிக்கு மட்டும் தனியாக அழைத்து ஆட வைத்தது ஸ்பெஷல் நாடகம். கம்பெனிகள் போய்விட்டன. ஒரு ராத்திரி ஏற்பாடு மட்டும் தங்கிவிட்டது.

ஆகவே நம் ஊருக்கு வருவது ஒரு குழு என்று நினைக்காதீர்கள். முருகன் மதுரையிலிருந்து வருவார். வள்ளி காரைக்குடிப் பக்கம். நாரதர் திண்டுக்கல். சிரிக்க வைக்கிற பபூன் நம் புதுக்கோட்டைக்காரர். ஆர்மோனியம் வேறு ஊர். இவர்களில் சிலர் நம் மேடைக்குப் பின்னால்தான் அன்றைக்கு முதல் முறையாக ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

ஒத்திகை எப்ப? நாங்க பசங்க வந்து சும்மா ஓரமா நின்னு பாக்கலாமா?

ஒத்திகை கிடையாது தம்பி. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். டைரக்டரும் கிடையாது. ஒன்பது மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்து இறங்குவார்கள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அவரவரே முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொள்வார்கள். நடுவில் "உங்களுக்கு எத்தனை கட்டை?" என்று ஆர்மோனியக்காரர் ஒரு வார்த்தை கேட்பார். என்ன சுருதியில் பாடுவீர்கள் என்று அர்த்தம். ஒத்திகை என்று சொன்னால் அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது என்றால், கதையும் பாட்டும் அடி அடியாக அத்தனை பேருக்கும் மனப்பாடம். முருகன் எந்த வரியில் நிறுத்தினால் வள்ளி எந்த வரியில் எடுக்க வேண்டும் என்பது நூறு வருஷமாக ஊறிப்போன விஷயம். சொந்தப் பேச்சுக்கு எங்கெங்கே இடம் உண்டு என்பதும் எல்லோருக்கும் தெரியும். நாதஸ்வரக்காரரும் முன்பின் பார்க்காத தவில்காரரும் ஒரே கல்யாணத்தில் சேர்ந்து வாசிப்பதில்லையா, அது மாதிரி.

பத்து மணின்னு போட்டிருக்கீங்க. உண்மையிலேயே பத்துக்கா, இல்ல உங்க பத்துக்கா?

எங்கள் பத்துக்கு. சாமி புறப்பாடு முடிந்து கோயிலில் தீபாராதனை ஆன பிறகுதான் திரை விலகும். சாமிக்காகத்தான் நாடகம், நாம் கூட இருந்து பார்க்கிறோம். மேடை கோயிலைப் பார்த்த மாதிரி போட்டிருப்பதும் அதற்காகத்தான். சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்கு வந்தால் சரியாக இருக்கும். ஆனால் முன்வரிசையில் பாய் போட எட்டு மணிக்கே ஆள் வந்துவிடும், அது உங்கள் சாமர்த்தியம்.

கதைதான் எல்லாருக்கும் தெரியுமே. வள்ளியை முருகன் கட்டிக்கிறாரு. அதுக்கு எதுக்கு விடிய விடிய?

கதை நாலு வரிதான். வேடர் தலைவன் நம்பிராஜன் மகள் வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். நாரதர் அவளைப் பார்த்துப் பேசிவிட்டுப் போய் முருகனிடம் சொல்கிறார். முருகன் வேடனாக வந்து, பிறகு கிழவனாக வந்து, அண்ணன் விநாயகரை யானையாக வரவழைத்து, பயந்துபோன வள்ளியைச் சம்மதிக்க வைக்கிறார்.

ஆனால் கதை தெரிந்துகொள்ள யார் வருகிறார்கள்? இந்த வள்ளி அந்த இடத்தை எப்படிப் பாடுகிறாள், இந்த நாரதர் என்ன கேள்வி போடுகிறார் என்று பார்க்கத்தான் வருகிறோம். "இந்தப் பக்கம் ஒரு மான் வந்ததா?" என்று வேடன் கேட்கிற ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் போகும். போகட்டுமே. அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது, கல்யாணம் எப்படியும் விடியற்காலைதான்.

எனக்குப் பபூன் மட்டும் போதும். அவர் எப்ப வருவார்னு சொல்லுங்க, அதுக்கு வர்றேன்.

முதல் ஆளே அவர்தான். சாமி பாட்டு முடிந்ததும் பபூன். தனியாக வந்து வணக்கம் சொல்வார், பாடுவார், ஆடுவார், ஊர்ப் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்குவார். அப்புறம் அன்றைக்கு வருகிற வழியில் தனக்கு நடந்தது மாதிரி ஒரு கதையை எடுத்து விடுவார். அதன் பிறகு டான்ஸ் ஆடுகிற பெண். பிறகு இருவரும் சேர்ந்து பாட்டும் சண்டையும். இதற்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். கதை இன்னும் தொடங்கியே இருக்காது.

ஏன் இப்படி? கூட்டம் சேர வேண்டும். குழந்தைகள் சிரித்துக் களைத்துத் தூங்க வேண்டும். பெரியவர்கள் வேலை முடித்து வர வேண்டும். நம் பேச்சு, நம் பஸ், நம் கடன், நம் மாமியார் சண்டை என்று பபூன் எல்லாவற்றையும் மேடைக்குக் கொண்டுவந்து போட்டுக் கூட்டிப் பெருக்கிய பிறகுதான் முருகன் வர இடம் கிடைக்கிறது. பபூனுக்கு எழுதி வைத்த வசனம் கிடையாது. அதனால் இருக்கிற வேலைகளிலேயே கஷ்டமானது அவருடையது என்பது என் கட்சி. கதாநாயகனான ராஜபார்ட்டுக்குப் பாட்டு கைகொடுக்கும். இவருக்கு நம் சிரிப்பு ஒன்றுதான் துணை. அது வராவிட்டால் இரண்டு மணி நேரம் என்பது மிக நீளம்.

பபூன் பேச்சு ஒரு மாதிரி இருக்குமாமே. பொம்பளைப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமா?

நேர்மையாகச் சொல்கிறேன். இரட்டை அர்த்தம் இருக்கும். முன்பும் இருந்தது. எங்கள் அப்பத்தா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஜாடையாகச் சொல்வது வேறு, பச்சையாகப் பேசுவது வேறு. நல்ல பபூனுக்கு அந்தக் கோடு எங்கே என்று தெரியும். நாடகம் பேசி முடித்துத் தாம்பூலம் வைக்கும்போதே "எங்கள் ஊரில் பெண்கள் முன்வரிசையில் உட்காருவார்கள்" என்று சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குப் புரியும்.

எனக்குப் பிடிக்காதது இன்னொன்று இருக்கிறது. பெண்டாட்டியை அடிப்பதையே சிரிப்பாக வைத்து ஒரு காட்சி நெடுங்காலமாக ஓடுகிறது. சில வருஷங்களுக்கு முன்னால் அது வந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பபூன் அதைக் கவனித்தார். பாதியிலேயே வெட்டிவிட்டு, பெண்டாட்டி புருஷனைத் துரத்துகிற மாதிரி திருப்பினார். திடல் அதிர்ந்தது. ஒத்திகை இல்லாததில் இப்படியும் ஒரு லாபம் இருக்கிறது. கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் சிரிக்காத இடத்தில் அவர்கள் தொடர மாட்டார்கள்.

டான்ஸ் ஆடுற பிள்ளைதான் அப்புறம் வள்ளியா வருதா?

இல்லை. டான்ஸ் வேறு, ஸ்திரீபார்ட் வேறு. டான்ஸ் ஆடியவர் பிறகு கதைக்குள்ளே தோழி மாதிரி வேடத்தில் வருவது உண்டு. ஸ்திரீபார்ட் என்றால் கதாநாயகி, ராஜபார்ட் என்றால் கதாநாயகன். இவர்களோடு நாரதர், பபூன், டான்ஸ். பக்கவாட்டில் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். ஆல்ரவுண்ட் என்பவர் தாளமும் டிரம்மும் வைத்துக்கொண்டு, அடி விழுந்தால் "டம்", கண்ணடித்தால் "டிங்" என்று போடுகிறவர்.

கேட்காத கேள்விக்கும் ஒரு பதில். மேடையில் பபூனோடு வம்பு பேசுகிற பெண் மேடையை விட்டு இறங்கினதும் யார் வீட்டு அக்காவோ தங்கையோதான். மேடைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்ப்பது, போன் நம்பர் கேட்பது எல்லாம் இந்த ஊரில் வேண்டாம். பின்பக்கம் தட்டி கட்டி, கமிட்டியில் இரண்டு பெரிய மனுஷிகளை உட்கார வைத்திருக்கிறோம். அவர்களைத் தாண்டிப் போய்ப் பாருங்கள்.

பாட்டெல்லாம் சினிமாப் பாட்டுத்தானே?

பபூன், டான்ஸ் வரும் நேரத்தில் சினிமா மெட்டு நிறைய வரும். கதைக்குள் போனதும் பெரும்பாலும் பழைய நாடகப் பாட்டுதான். சினிமா இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனதும் உண்டு. 'காயாத கானகத்தே' சினிமாப் பாட்டு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 1945இல் வந்த 'ஸ்ரீவள்ளி' படத்தில் டி.ஆர். மகாலிங்கம் பாடியதால் வந்த நினைப்பு. அது சங்கரதாஸ் சுவாமிகள் நாடகப் பாட்டு. வேடனாக வந்த முருகன் வள்ளியைப் பார்த்ததும் பாடுவது. நம் திடலில் அது வரும்போது பின்வரிசையிலிருந்து கிழவர்கள் கூடவே பாடுவார்கள். திரும்பிப் பார்த்து முறைக்காதீர்கள்.

அந்த ஆர்மோனியக்காரர் ஏன் நடுநடுவுல பேசுறாரு, கூடவே பாடுறாரு? அவரும் நடிகரா?

நாடகத்தைக் கையில் பிடித்திருக்கிறவரே அவர்தான். பழைய ஆட்கள் பின்பாட்டு என்பார்கள். நடிகர் மூச்சு வாங்கினால் வரியை இவர் எடுத்துப் பாடுவார். வசனம் மறந்தால் அடுத்த அடியைச் சுருதியோடு எடுத்துக் கொடுப்பார். நமக்கு அது பாட்டு மாதிரி இருக்கும், நடிகருக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். பபூன் பேசினால் "அப்புறம்?" "அட!" என்று கேட்பதும் அவர் வேலைதான். முன்பின் தெரியாத ஆட்கள் ஒத்திகையில்லாமல் எப்படிச் சேர்ந்து ஆடுகிறார்கள் என்ற மேலே சொன்ன கேள்விக்கு மிச்சப் பதில் இந்த ஆள்.

ஆர்மோனியம் அயல்நாட்டுப் பெட்டி, சுரத்தை அசைத்து இழைக்கிற கமகம் வராது என்று சொல்லி 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தள்ளி வைத்தது. 1971 வரைக்கும் அந்தத் தடை இருந்தது. அந்த முப்பது வருஷமும் நம் திடல்களில் அது விடிய விடிய ஊதிக்கொண்டுதான் இருந்தது.

சங்கரதாஸ் சுவாமிகள்னு சொல்றீங்களே, நடிகர் சங்கத் தேர்தல்ல ஒரு அணி பேரு அதுதானே?

2019 தேர்தலில் ஓர் அணி அந்தப் பெயரை வைத்துக்கொண்டது உண்மை. காரணம் இருக்கிறது. அந்தச் சங்கத்தில் சினிமாக்காரர்கள் மட்டுமில்லை, மதுரை, புதுக்கோட்டை என்று ஊர் ஊராக நாடகக் கலைஞர்களுக்கும் ஓட்டு உண்டு. அவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிற பெயர் அது.

அவர் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நாடகம் எழுதினார், நடித்தார், வாத்தியாராக இருந்தார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய சிறுவர் சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகம் பழகினார்கள். 1922இல் புதுச்சேரியில் காலமானார். யமன், சனீஸ்வரன் வேடத்தில் அவரைப் பார்த்துப் பயந்து போனவர்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று இன்றைக்கு நாம் பார்க்கிற நாடகங்கள் அவர் கைபட்டவை. முன்பின் தெரியாத ஐந்து பேர் நம் மேடையில் ஏறி ஒரே வரியைப் பிடிக்க முடிகிறது என்றால் அந்த வரி அவர் போட்டது. நடிகர் சங்கங்களில் வருஷா வருஷம் அவருக்குக் குருபூஜை நடக்கும். அந்த நாளில் நாடகத்துக்குத் தேதி கேட்டுப் போகாதீர்கள்.

இதைத்தானே தெருக்கூத்துன்னு சொல்றாங்க? எங்க ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்.

மாற்றிச் சொல்லிவிடுங்கள். கூத்து வட மாவட்டத்துச் சொத்து. பெரும்பாலும் பாரதக் கதை, தரையில் களரி என்கிற ஆடுகளம், தோளிலும் தலையிலும் பெரிய கட்டை அணிகலன், முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல், கோமாளியாக வரும் கட்டியக்காரன். நம் நாடகத்தில் மேடை, எழுதின திரை, பக்கத் தட்டி, ஆர்மோனியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்சி நாடகக் கம்பெனிகள் வந்து ஆடிக்காட்டிய பாணி அது, நம் பாட்டோடு கலந்துவிட்டது. கட்டியக்காரனுக்கும் பபூனுக்கும் தூரத்துச் சொந்தம் இருக்கலாம். ஆனால் 'பபூன்' என்ற பெயரே கப்பலில் வந்ததுதான்.

வருஷா வருஷம் வள்ளி திருமணம்தானா? ஒரு தடவை அரிச்சந்திரா போடக் கூடாதா?

நானும் கேட்டேன். "திருவிழா முடியும்போது கல்யாணத்தில் முடியணும்டா, சுடுகாட்டில் முடிக்கச் சொல்றியா?" என்று பெரியவர்கள் அடக்கிவிட்டார்கள். அரிச்சந்திராவில் மயான காண்டம் பெரிய காட்சி. அதற்கென்று வழக்கம் வைத்திருக்கிற ஊர்கள் உண்டு, நம் ஊர் அப்படி இல்லை. பவளக்கொடிக்கு மட்டும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அடுத்த வருஷம் பார்ப்போம்.

தர்க்கம் தர்க்கம்னு சொல்றாங்களே, நாரதரும் வள்ளியும் நிஜமாவே சண்டை போட்டுக்குவாங்களா?

சில ராத்திரி நிஜமாகவே. எனக்கு இந்த நாடகத்திலேயே பிடித்த இடம் இதுதான். தினைப்புனத்துக்கு வந்த நாரதர் வள்ளியிடம் ஒரு கேள்வி போடுவார். யார் நீ, தனியாக ஏன் நிற்கிறாய் என்று ஆரம்பிக்கும். அங்கிருந்து ஆண் பெரிதா பெண் பெரிதா, இல்லறமா துறவறமா என்று எங்கே வேண்டுமானாலும் போகும். குறள் வரும், புராணம் வரும், விடுகதை வரும். பாட்டில் கேட்டால் பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். பின்னால் வேடனாக வரும் முருகனோடு இன்னொரு தர்க்கம் இருக்கிறது, அதில் காதலும் கலந்திருக்கும். நாரதரோடு நடப்பதில் மூளை மட்டும்தான்.

இருவரும் தெரிந்த ஆட்கள் என்றால் சமாளித்துக்கொள்வார்கள். முதல் முறை சந்திக்கிறார்கள் என்றால் ஒருவர் சரக்கை மற்றவர் சோதித்துப் பார்ப்பார். ஒரு வருஷம் மூத்த நாரதர் ஒருவர் வந்திருந்தார். எதிரே இருபத்திரண்டு வயதுகூட ஆகாத வள்ளி. அவர் போட்ட ஒரு கேள்விக்கு அந்தப் பெண் பதில் தெரியாமல் நின்றுவிட்டாள். ஆர்மோனியம் மூன்று முறை அதே அடியைச் சுற்றியது. கடைசியில் அவள், "முனிவரே, பதில் தெரிந்திருந்தால் நான் ஏன் குருவி ஓட்டிக்கொண்டிருக்கப் போகிறேன்? நீங்களே சொல்லுங்கள், காது குளிரக் கேட்கிறேன்" என்று கும்பிட்டுவிட்டு, கவண்கல்லை எடுத்து அவர் தலைக்கு மேலே பறவை விரட்டுகிற மாதிரி வீசினாள். திடல் முழுக்க விசில். நாரதரே சிரித்துவிட்டார். விடிந்ததும் அவர் அந்தப் பெண்ணிடம் போய், அந்தக் கேள்விக்கான பதிலைப் பாட்டோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

சாமி நாடகத்துல அரசியல் பேசலாமா? போன தடவை பபூன் ஏதோ சொல்லிட்டாருன்னு ஒரே பேச்சு.

கட்சிப் பெயர், சாதிப் பெயர் சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். விலைவாசி, சாலைக் குழி, ரேஷன் கடை என்றால் யார் ஆட்சியாக இருந்தாலும் பேசத்தான் செய்வார்கள்.

சாமி நாடகத்தில் அரசியல் புதிசும் இல்லை. சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ் என்று ஒரு நடிகர் இருந்தார். முருகன் வேடத்தில் பெயர் பெற்றவர். அதே மேடையில் சுதந்திரப் பாட்டுப் பாடுவார். தினைப்புனம் என்றால் பறவைகள் வரும். அவர் பாட்டில் பறந்தது வெள்ளைக் கொக்கு. 'கொக்குப் பறக்குதடி பாப்பா' என்று பாடினால், எந்தக் கொக்கைச் சொல்கிறார் என்று கூட்டத்துக்கும் தெரியும், ஓரத்தில் நிற்கிற போலீஸுக்கும் தெரியும். திரும்பத் திரும்பக் கைது செய்தார்கள். வெளியே வந்து திரும்பவும் பாடினார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருக்கும்போது முருகன் வேடத்திலேயே மேடையில் அவர் உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் இருக்கிறது. மதுரைக்குப் போகிறவர்கள் ஒரு தடவை இறங்கிப் பாருங்கள்.

மைக் பெர்மிஷன் வாங்கிட்டீங்களா? நடுராத்திரில போலீஸ் வந்து நிறுத்திட்டா என்ன பண்றது?

இது நியாயமான பயம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா, கலை நிகழ்ச்சிக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. விடிய விடிய நடக்கிற ஒரு கலையை இந்தக் கணக்குக்குள் அடைப்பது எப்படி என்று எந்தக் கமிட்டிக்காரரைக் கேட்டாலும் பெருமூச்சுதான் விடுவார்.

நாங்கள் செய்வது இது. மனுவை முன்கூட்டியே கொடுத்து, எழுத்தில் என்ன நேரம் தருகிறார்களோ அதை முதலில் வாங்கிக்கொள்கிறோம். குழாய் ஒலிபெருக்கி வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டோம். திடலைப் பார்த்து மட்டும் பெட்டி. அனுமதி நேரம் குறைவாக வந்தால் புறப்பாட்டை முன்னே தள்ளிவிட்டு, பபூன் நேரத்தைக் குறைத்து, தர்க்கத்துக்கு இடம் விட்டுத் தரும்படி கலைஞர்களிடமே சொல்லிவிடுவோம். அந்தக் காலத்தில் மைக் இல்லாமல் ஐந்து கட்டைச் சுருதியில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பாடினார்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அப்படித்தான் கூட்டத்தைக் கட்டிப்போட்டார்கள். இன்றைக்கு அந்தத் தொண்டையை யாரிடமும் கேட்க முடியாது.

ஆர்டிஸ்ட் அட்வான்ஸ் வாங்கிட்டு வரலேன்னா?

நடந்திருக்கிறது. ஒரு வருஷம் ராஜபார்ட் வந்த வண்டி வழியில் படுத்துவிட்டது. மணி பதினொன்று. நாடக நடிகர் சங்கத்துக்குப் போன் போட்டோம். பக்கத்து ஊரில் அன்றைக்கு வேலையில்லாமல் இருந்த ஒருவர் ஸ்கூட்டரில் வேல், கிரீடத்தோடு வந்து இறங்கினார். அதுவரை பபூன் மேடையை விட்டு இறங்கவேயில்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஆள் மாறியதே தெரியாது. நோட்டீஸில் இருந்த போட்டோவை மறுநாள் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்கள்.

கமிட்டிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பங்குனியிலிருந்து ஆடி வரை இவர்களுக்குத் தேதி நெருக்கும். பிறகு மழைக்காலம் முழுக்கச் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சில மாதத்தில் சம்பாதிப்பதுதான் வருஷத்துக்கும். 2020இல் பங்குனி மாதம் ஊரடங்கு வந்தபோது அவர்களுக்குப் போனது அந்த முழு வருஷம். ஆகவே நம் பக்கம் ஏதாவது தகராறில் நாடகம் நின்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் வேண்டாம்.

நான் சிங்கப்பூர்லேர்ந்து பணம் அனுப்பினா மைக்ல பேரு சொல்வாங்களா மாமா?

சொல்வார்கள் மாப்பிள்ளை. வரி கட்டினவர்கள் பெயர் நோட்டீஸில் வரும். நாடக நடுவில் கலைஞர்களுக்குக் கொடுக்கிற அன்பளிப்பு மைக்கில் வரும். பிடித்த பாட்டு முடிந்ததும் மேடை ஓரம் போய்க் கொடுத்தால், கதையை நிறுத்தி, கொடுத்தவர் பெயரும் ஊரும் சொல்லி நன்றி சொல்வார்கள். முருகன் சிங்கப்பூர் மாப்பிள்ளைக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்ப வள்ளியிடம் போவதை நம் ஊரில் யாரும் விநோதமாக நினைப்பதில்லை. ஆனால் தர்க்கம் சூடு பிடித்திருக்கும்போது நூறு ரூபாயை ஆட்டிக்கொண்டு முன்னால் வராதீர்கள். கமிட்டியில் கொடுத்தால் சரியான இடத்தில் சேர்த்துவிடுவோம். எல்லாம் கலைஞருக்கே போகும், கோயில் கணக்கில் வராது.

இவ்வளவு செலவுக்கு ஆடல் பாடல் வச்சா கூட்டம் அள்ளுமே சித்தப்பா?

அள்ளும், மறுக்கவில்லை. இரண்டு மணி நேரம் அள்ளிவிட்டுப் போய்விடும். அனுமதிக்கு ஹைகோர்ட் மதுரைக் கிளை வரை போன ஊர்கள் உண்டு. ஆபாசம் கூடாது, சாதி, கட்சிப் பாட்டு கூடாது என்று நிபந்தனைகளோடுதான் கிடைக்கும். அதை மீறினால் யார் தலை உருளும் என்று யோசி.

ஆனால் என் காரணம் வேறு. ஆடல் பாடலில் பாட்டு கேசட்டில் இருக்கிறது, எந்த ஊரிலும் அதே பாட்டுதான். வள்ளி திருமணம் நம் திடலில் அன்றைக்கு மட்டும் உண்டாகிறது. அதே ஐந்து பேர் மறுநாள் வேறு ஊரில் சேர மாட்டார்கள். சேர்ந்தாலும் அந்தக் கவண்கல் பதில் திரும்ப வராது. இதைச் சொல்லித்தான் பொதுக்கூட்டத்தில் இரண்டு வருஷமாக வாதாடுகிறேன். ஓட்டு ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டுதான் வருகிறது. அதையும் மறைக்கவில்லை. நீ வந்து ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்துவிட்டு அப்புறம் எதிர்த்து ஓட்டுப் போடு, ஒத்துக்கொள்கிறேன்.

வீடியோ எடுத்து யூடியூப்ல போடலாமா?

பாட்டு இரண்டு எடுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். பபூன், டான்ஸ் காட்சியை மட்டும் வெட்டி, கெட்ட தலைப்பு வைத்துப் போடாதீர்கள். அந்தப் பெண்ணின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். முழு நாடகம் எடுப்பதென்றால் கலைஞர்களிடம் முதலிலேயே கேளுங்கள். சிலர் தர்க்கத்தில் புதிதாகச் செய்து வைத்திருக்கும் கேள்வி வெளியே போவதை விரும்ப மாட்டார்கள். அது அவர்கள் சரக்கு.

என்னால முழிக்க முடியாது. எந்த நேரத்துல எழுப்பினா போதும்?

பபூனைப் பார்த்துவிட்டு அங்கேயே பாயில் படுத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போனால் வர மாட்டீர்கள். மேலே சொன்ன நாரதர் தர்க்கத்துக்கு ஒரு தடவை, வேடன் மான் தேடி வரும்போது ஒரு தடவை எழுந்தால் போதும். கிழவன் வேடத்தில் முருகன் தேனும் தினைமாவும் தின்று விக்கல் எடுக்கிற இடத்தில் திடலே சிரிக்கும், அந்தச் சத்தத்திலேயே நீங்கள் எழுந்துவிடுவீர்கள்.

யானை வந்த பிறகு தூங்காதீர்கள். கல்யாணத்துக்கு அட்சதை கொடுப்போம், போட வேண்டும். டீ நாலரை மணிக்கு, கோயில் மதில் ஓரம். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், போன வருஷம் பதினேழு குறைந்தது.